மத்தியானம் மட்டும் குடிக்கிற மாடு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் எதற்கு இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. தலைவலி வந்தால் போனைப் பார்க்கிறார்கள். மழை வருமா என்று போனைப் பார்க்கிறார்கள். வாசலுக்கு வந்து மேற்கே தலையைத் தூக்கினால் போதும், அது முடியாது. சம்பந்தி வீட்டுக்குப் போகிற வழியைக்கூட அதற்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல் சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாசம் அந்தக் குரலை நம்பி ஒரு கார்க்காரன் என் சோளக்காட்டு வரப்பில் வந்து நின்றுகொண்டு, "ஏனுங்க, தாராபுரம் பைபாஸ் இதுதானுங்களா?" என்று கேட்டான். "ஆமாங்க, சோளத்தட்டெல்லாம் அறுத்துப்போட்டா அடியில பைபாஸ் இருக்கும், சித்தெ இருங்க" என்றேன். அவன் அதையும் நம்புவான் போலிருந்தது.

ஆக, பக்கத்துத் தோட்டத்துச் சகாயத்தின் மாடு தொட்டியில் தண்ணீர் குடிக்காமல் போனபோது அவன் போனைப் பார்த்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஒரு வீடியோவில் வாய்ப்புண் என்றார்கள். இன்னொன்றில் வயிற்றில் பிளாஸ்டிக் என்றார்கள். மூன்றாவதில் ஒருத்தன் மாட்டுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டச் சொன்னான். சகாயம் அதையும் செய்தான். மாடு கட்டுகிற கட்டுத்தரையில் போனை வைத்துவிட்டு அவன் ஓரமாக நின்ற நிலையைப் பார்த்தால் மாட்டுக்கே பாவமாக இருந்திருக்கும்.

சகாயம் கெட்டவன் இல்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் காட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறான், மீதி நேரம் தேங்காய் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் பெண்சாதி டெய்சி விடியாத நேரத்தில் பால் கறந்து வைத்துவிட்டுப் பனியன் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவள். ஒரே பிள்ளை, ஜோஸ்லின், எட்டாவது படிக்கிறாள். அந்த மாட்டுக்குப் பெயர் ரோசி. சிவப்பு ஜெர்சிக் கலப்பு. டெய்சியின் அம்மா வீட்டிலிருந்து கன்றாக வந்தது. டெய்சி கஞ்சித் தண்ணீர் ஊற்றி, உண்ணி பிடுங்கி, தன் கையால் வளர்த்த மாடு. அது அவளுக்கு இன்னொரு பிள்ளை மாதிரி.

அந்த ரோசிக்குத்தான் பங்குனி பிறந்ததும் கிறுக்குப் பிடித்தது. காலையில் தொட்டிக்கு முன்னால் கட்டினால் மூக்கை நீட்டும், வெடுக்கென்று பின்வாங்கும். சாயங்காலமும் அப்படியே. கறக்க உட்கார்ந்தால் காலை மாற்றி மாற்றி வைக்கும், பாலை எக்கிக்கொள்ளும், பிறகு உதைக்கும். மாட்டு டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று ஊசி போட்டுவிட்டுப் போனார். ஒன்றுமில்லாததற்கு ஊசி எதற்கு என்று நான் கேட்டேன், அவருக்குக் கேட்கவில்லை. கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தார்கள். என் சம்சாரம் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்ததுதான் மிச்சம்.

காரணம் எனக்குத் தெரியும். பாம்பு. மாசிக் கடைசியில் ஒரு கண்ணாடி விரியன் அந்தக் கட்டுத்தரைக்குள் வந்து, டெய்சியின் பால் சட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. அடிக்கப் போனபோது ஓரத்தில் கிடந்த கல்லுக் குவியலுக்குள் புகுந்துவிட்டது. அதிலிருந்து அந்த வீட்டில் யாரும் வெறுங்காலோடு கட்டுத்தரைக்குள் போவதில்லை, ரப்பர் செருப்புதான். சகாயம் பெரிய குண்டு பல்பு ஒன்றும் போட்டான், கறக்கிற நேரத்திலும் தீனி போடுகிற நேரத்திலும் எரியும்படி. எல்லாம் சரி, கல்லை எடுடா என்று நான் சொன்னதை மட்டும் செய்யவில்லை. மாட்டுக்கு மூக்கு நம்மைவிடக் கூர்மை. பாம்பு இருக்கிற இடத்தில் அது எப்படி நிம்மதியாக நிற்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போய் வந்த பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தவக்காலம், கறி கிடையாது. அரிசிம்பருப்புச் சோறு, அப்பளம், கத்தரிக்காய் வதக்கல். டெய்சி கை வைத்தால் அரிசிம்பருப்பு வாசம் வாய்க்கால் வரைக்கும் வரும். அன்றைக்கு உப்புக் கூடியிருந்தது.

"தயிர் ஊத்தட்டுங்களா மாமா?" என்று அவள் பாக்கெட்டைக் கத்தரித்தாள்.

"மாடு கட்டியிருக்கற ஊட்டுல பாக்கெட்டுத் தயிரா அம்மணி?"

"என்னங் மாமா பண்றது. மடி கல்லாட்டம் இருக்குது, கைய வெச்சா ஒதைக்கறா. என்ற காலப் பாருங்க." முழங்காலுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது.

சகாயம் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தரகர் பாலுசாமிகிட்டச் சொல்லிப்போட்டேனுங் பெரியப்பா. நாளைக்குக் காத்தால வண்டி கொண்டுக்கிட்டு வாரேன்னாரு."

"ஒதைக்கற மாட்டை எவன்டா கறவைக்கு வாங்குவான்?"

டெய்சி தயிர் பாக்கெட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே ஒரு வேலையும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"கறிக்குத்தானுங்களே அப்பாரு ஓட்டிட்டுப் போவாங்க?" என்று ஜோஸ்லின் என்னைக் கேட்டாள். அவளுக்கு நான் அப்பாரு, தாத்தா முறை.

"நீ சோத்தத் தின்னு கண்ணு."

எனக்கு உப்போடு சேர்ந்து கோபமும் ஏறியது. "மொதல்ல ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. தண்ணி குடிக்காத மாடு, தண்ணி குடிக்காத மாடுங்கறீங்க. அது மத்தியானத்துல நல்லாத்தான் குடிக்குது."

சகாயமும் ஜோஸ்லினும் என்னைப் பார்த்தார்கள். டெய்சி கதவோரம் வந்து நின்றாள்.

"ஆரு சொன்னாங்க?"

"ஆரு சொல்லோணும்? என்ற எருமைய வாய்க்காலுக்கு ஓட்டிட்டுப் போறப்ப தெனமும் பாக்கறேன். தொட்டிக்குள்ள மூஞ்சிய உட்டு உறிஞ்சிக்கிட்டு நிக்குது."

"நாங்களெல்லாம் வேலைக்குப் போயிடறோம். தொட்டியில தண்ணி கொறையறது வெயிலுக்குன்னு இருந்தோம்" என்றான் சகாயம். "தெனமும் பாத்துப்போட்டு ஒரு வார்த்தை சொல்லலீங்களே பெரியப்பா."

"நீ என்னையவா கேட்ட? போனத்தான கேட்ட."

ஜோஸ்லின் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அப்படீன்னா மத்தியானத்துல இல்லாதது என்னமோ காத்தாலயும் பொழுதோடவும் இருக்குதுங்."

"பாம்பு. உச்சி வெயில்ல அது பொந்த உட்டு வெளிய வராது."

"பாம்பு ஒண்ணுங். வேற?" எச்சில் கையின் விரலை மடக்கினாள். "அம்மா இருக்கறாங்க. பால் சட்டி இருக்குது. தவுடு இருக்குது."

"நீ இருக்கற" என்றான் சகாயம். "உன்னப் பாத்துத்தான் மாடு மிரளுது. நேத்து அப்பாரு மோருக்குள்ள ஒயர உட்டயாமா?"

உண்மைதான். அந்தப் பிள்ளை ஒரு வாரமாக ஊரில் எந்தப் பாத்திரத்தையும் சும்மா விடவில்லை. கடுகத்தனை சிவப்பு பல்பு, அதற்கு இரண்டு நீள ஒயர், இரண்டு பேட்டரி. எந்தத் தண்ணீரில் கரண்டு போகும், எதில் போகாது என்று பார்த்து வரும்படி ரம்ஷா டீச்சர் சொல்லியனுப்பினாராம். உப்புத் தண்ணீரில் எரிந்தது. எலுமிச்சம் சாற்றில் எரிந்தது. என் மோரிலும் எரிந்தது. அந்த மோரை நான் குடிக்கவில்லை. "ஒண்ணும் ஆகாதுங் அப்பாரு" என்று அவளே எடுத்துக் குடித்துவிட்டாள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு மோரில் பல்பு எரியவைக்கத்தான் பள்ளிக்கூடம் என்றால், நான் மூன்றாவதோடு நின்றதில் நஷ்டமில்லை.

வெயில் தாழ்ந்ததும் சகாயத்தை விடவில்லை, கல்லை எடுக்கவைத்தேன். காற்று அசையவில்லை. அவன் கடப்பாரையால் நெம்பினான், நான் வேப்பமர நிழலில் என் டயர் செருப்போடு நின்று இந்தக் கல், அந்தக் கல் என்று காட்டினேன். இண்டு இடுக்கில் பார்க்க டார்ச்சு வேண்டியிருந்தது. டார்ச்சில் பேட்டரி செத்திருந்தது. ஜோஸ்லினின் பேட்டரி இரண்டையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டான். "டீச்சர் கேப்பாங்கப்பா" என்று அவள் முனகினாள்.

அடிக்கல்லைப் புரட்டியபோது முழுசாக ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. காகிதம் மாதிரி மொடமொடவென்று. விரியன் இல்லை, ஆனால் பொந்து இருந்தது. நான் சகாயத்தின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க சொன்னது சரிதானுங் பெரியப்பா" என்றான். பொந்தை மண் போட்டு மூடி, பூண்டைத் தட்டிக் கரைத்து ஊற்றினோம்.

பொழுது இறங்கியதும் பல்பைப் போட்டுவிட்டு ரோசியை அவிழ்த்து வந்து தொட்டியோரம் கட்டினான். பாம்பும் இல்லை, கல்லும் இல்லை. டெய்சி தவிடு கலந்து வைத்தாள். ரோசி மூக்கை நீட்டினாள். வெடுக்கென்று பின்வாங்கினாள். முன்கால் இரண்டையும் ஈரத்திலிருந்து தூக்கித் தூக்கி வைத்தாள்.

"வாசம் போக நேரமாகும்" என்றேன். டெய்சி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். நாளைக் காலை வண்டி வரும் என்பது அவள் கையில் தெரிந்தது.

அப்போதுதான் ஜோஸ்லின் தொட்டியை ஒட்டிக் குந்தினாள். தொட்டித் தண்ணீரையும் பார்க்க வேண்டுமாம். பேட்டரியில்லாத வெறும் பல்பை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பாளோ. ஒயர் ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டாள், இன்னொன்று நழுவிக் கீழே சாணி ஈரத்தில் விழுந்தது.

"அப்பா" என்றாள். "அப்பா, இங்க வாங்க."

"என்ன, தேளா?"

"இல்லீங். பேட்டரி இல்லாம எரியுதுங்."

அவள் கைக்குள் அந்தக் கடுகு பல்பு சிவப்பாக, மங்கலாக, நடுங்கிக்கொண்டு எரிந்தது. நான் குனிந்து பார்த்தேன். ஒயரை மண்ணிலிருந்து எடுத்தால் அணைந்தது. மண்ணில் வைத்தால் எரிந்தது. காய்ந்த மண்ணில் வைத்தால் எரியவில்லை. ஈரத்தில் வைத்தால் எரிந்தது.

"பேட்டரி உள்ள இருக்கும்" என்றேன்.

"பேட்டரி டார்ச்சுலதானுங்களே அப்பாரு இருக்குது. உங்க கையிலதான் இருக்குது."

டார்ச்சு என் கையில்தான் இருந்தது. நான் அதைத் திறந்து பார்த்தேன். இரண்டும் இருந்தன.

ஜோஸ்லின் நிமிர்ந்து குண்டு பல்பைப் பார்த்தாள். "மத்தியானத்துல இல்லாதது" என்று தனக்குள் சொன்னாள். "அப்பா, அந்த லைட்ட நிறுத்துங்க."

சகாயம் நிறுத்தினான். கைக்குள் இருந்ததும் அணைந்தது.

"போடுங்க."

இரண்டும் எரிந்தன.

"நிறுத்துங்க. போடுங்க." அவள் முகத்தில் மாட்டைப் பற்றிய கவலையே இல்லை அப்போது. திருவிழாவில் ராட்டினம் பார்க்கிற முகம். "ஏனுங்ப்பா, இந்த லைட்டுக்கு ஒயர் எப்படிக் குடுத்தீங்க?"

அதில் ரகசியம் ஒன்றுமில்லை. எங்கள் தோட்டத்து லைனில் மூன்று கம்பிதான் வருகிறது. மோட்டாருக்கு அது போதும். பல்புக்கு வேண்டிய நான்காவது கம்பி, நியூட்ரல் என்பார்கள், அது வராது. அதனால் லைனிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, பல்பின் இன்னொரு ஒயரை மண்ணில் புதைந்த இரும்பில் சுற்றிவிடுவோம். கரண்டு மண்ணுக்குள் போய்விடும், பல்பு எரியும். இந்தப் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தான். என் மோட்டார் ரூமிலும் இத்தனை வருசமாக அப்படித்தான் எரிகிறது. அணைக்கிற வழக்கம்கூட இல்லை, அதற்கு நான் சுவிட்சே வைக்கவில்லை.

"அந்தத் தொட்டிக்கு வர்ற இரும்புப் பைப்புலதான் சுத்திவுட்டேன்" என்றான் சகாயம். சொல்லிவிட்டுப் பைப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"பைப்புலயிருந்து தண்ணிக்கு வருதுங்ப்பா. மண்ணு காஞ்சு கெடக்கறதுனால கீழ எறங்க முடியாம நிக்குது. ரோசி ஈரத்துல வெறுங்கால்ல நின்னுக்கிட்டுத் தண்ணியில வாய வெச்சா, அவ வழியாத்தான் எறங்கும். என்ற பல்பு வழியா எறங்குச்சே, அந்த மாதிரி. கறக்கறப்பவும் அந்த ஈரத்துலதான நிக்கறா."

"நாங்கெல்லாம் இந்தத் தொட்டியில கைய உட்டுக் கழுவறோமே" என்றாள் டெய்சி.

"செருப்புப் போட்டிருக்கறீங்களேம்மா."

சகாயம் செருப்பைக் கழற்றினான். "வேண்டாங்க" என்று டெய்சி கையைப் பிடித்தாள். அவன் கேட்காமல் ஈரத்தில் கால் வைத்து, ஒரு விரலால் தண்ணீரைத் தொட்டான். கை தானாகத் தெறித்தது.

"சுள்ளுங்குது" என்றான்.

டெய்சி மாட்டின் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள். "வாயுள்ள பிள்ளைன்னா சொல்லியிருப்பா. ஒதைச்சு ஒதைச்சுச் சொல்லியிருக்கறா, எனக்குத்தான் புரியல" என்று அழுதாள். சகாயம் மெயினை நிறுத்திவிட்டு வந்து, பைப்பில் சுற்றியிருந்த ஒயரை அவிழ்த்து எறிந்தான். எறிந்த வேகத்தில் அது என் காலருகில் விழுந்தது. நான் நகர்ந்து நின்றேன்.

"பெரியப்பா, நீங்களும் வேணும்னா..." என்று அவன் தொட்டியைக் காட்டி ஆரம்பித்தான்.

"எனக்கென்ன வேண்டாத வேலை" என்று வந்துவிட்டேன். ஒயரை எடுத்த பிறகு எதைத் தொட்டுப் பார்ப்பது?

மறுநாள் விடியாத நேரத்திலேயே போனேன். ஆவலுக்காக இல்லை, பாலுசாமியின் வண்டி என் வரப்பை நசுக்காமல் திரும்புகிறதா என்று பார்க்க. டெய்சி கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தாள். டார்ச்சு வெளிச்சத்தில் ரோசி தொட்டிக்கு முன்னால் நின்றாள். மூக்கை நீட்டினாள், பின்வாங்கினாள். என் மனசுக்குள், பார்த்தாயா என்றேன்.

டெய்சி செருப்பைக் கழற்றி அந்தப் பக்கம் எறிந்தாள். பாம்பு, விரியன், ஒன்றையும் நினைக்கவில்லை. ஈரத்தில் வெறுங்காலோடு நின்று தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, அள்ளி மாட்டின் வாயில் தடவினாள். "குடி சாமி. ஒண்ணும் இல்ல. நானும் நிக்கறேன் பாரு."

ரோசி நக்கினாள். மறுபடி நக்கினாள். பிறகு தொட்டிக்குள் வாயை வைத்து உறிஞ்ச ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. காது இரண்டும் தண்ணீர் இறங்குகிற கணக்குக்கு ஆடின. கறக்க உட்கார்ந்தபோது ஒரு தடவை காலைத் தூக்கினாள், யோசித்துவிட்டுக் கீழே வைத்துக்கொண்டாள். சட்டியில் பால் விழுகிற சத்தம் முதலில் மெலிசாகவும் பிறகு கனமாகவும் கேட்டது.

பாலுசாமி வந்தபோது அவனுக்கு மாடு கிடைக்கவில்லை, காப்பி கிடைத்தது. "காப்பிக்கா இவ்வளவு தூரம் வண்டி கொண்டாந்தேன்?" என்றான். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டான். வரப்பை நசுக்கித்தான் திரும்பினான்.

"கல்லை எடுத்தோம், மாடு குடிச்சுது" என்றேன் நான்.

"ஒயர எடுத்தோமுங் பெரியப்பா" என்றான் சகாயம்.

"ரெண்டும் ஒரே நாள்லதான எடுத்தோம். எதனால குடிச்சேன்னு மாடு வந்து உன்ற காதுல சொல்லுச்சா?"

"சுள்ளுங்குதுன்னு நானே தொட்டுப் பாத்தனுங்களே."

"உனக்குச் சுள்ளுன்னுச்சு. மாட்டுக்கு அதுதான் காரணம்னு எப்படித் தெரியும்? பொந்த மூடுன மறுநா குடிச்சிருக்குது. நான் என்ற கண்ணால பாத்ததத்தான் சொல்றேன்."

ஜோஸ்லின் யூனிபாரத்தில், பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "அப்பாரு சொல்றது சரிதானுங்ப்பா."

சகாயம் அவளைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"ரம்ஷா டீச்சரும் அதத்தான் சொல்லுவாங்க. ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்தோணும். நாம கல்லையும் எடுத்துப்போட்டு ஒயரையும் எடுத்துப்போட்டோம். இப்ப எதுன்னு எப்படிங்ப்பா சொல்றது?"

என் பக்கம் பேசுகிறாள் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெரியவர்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிற பிள்ளை ஏதோ ஒரு காரியத்துக்காகத்தான் ஒத்துக்கொள்ளும்.

"அதனால ஒயர மறுபடி ஒருக்கா சுத்தி..."

"தொட்டுப் பாரு, கைய ஒடிச்சுப்போடுவேன்" என்றாள் டெய்சி.

ஜோஸ்லின் கொஞ்ச நேரம் ரோசியையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏனுங் அப்பாரு, உங்க எருமை தொட்டியில குடிக்காதுதானுங்களே?"

"அதுக்குத் திமிரு. வேப்பமரத்தடிக்கு வாளியில கொண்டுபோய் வெச்சாத்தான் மகாராணி குடிப்பா. வாங்கின நாள்லயிருந்து அப்படித்தான்."

"கறக்கறப்ப ஒதைக்குமுங்களே?"

"எருமைன்னா ஒதைக்கும்."

"உங்க பல்பு ஒயரு எங்கீங் சுத்தியிருக்குது?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். "எங்கியோ சுத்தியிருக்குது. பைப்புல."

"தொட்டிப் பைப்புலீங்களா?"

"வேற பைப்புக்கு நான் எங்க போறது?"

"உங்க கட்டுத்தரையில கல்லு இல்லீங். பாம்பும் வரலீங்." அவள் பையிலிருந்து அந்தச் சனியன் பிடித்த பல்பையும் ஒயரையும் எடுத்தாள். "அங்க ஒண்ணே ஒண்ணத்தானுங்களே மாத்தோணும். ஸ்கூல் பஸ்ஸுக்கு நேரமிருக்குதுங். இப்பவே வரட்டுங்களா?"

சகாயம் சிரிப்பை அடக்க மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். அது எனக்குத் தெரியும்.

"என்ற எருமைய எனக்குத் தெரியும் அம்மணி. நீ பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றேன். சொல்லிவிட்டு நடந்தேன். வண்டி நசுக்கிய வரப்பு காலுக்கு வாகாக இல்லை. பின்னால் ரோசி இன்னொரு தடவை தண்ணீரில் வாய் வைத்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. பாம்பு போனால் மாடு குடிக்கும், இதற்குப் பல்பு எதற்கு. முன்னால் என் மோட்டார் ரூமில் பட்டப்பகலில் லைட் எரிந்துகொண்டிருந்தது, கட்டுத்தரைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்து நின்றது, அதற்கு எதிரே நின்றுகொண்டு எருமை வாளிக்குக் கத்தியது. திமிர். செருப்பு வாரை இழுத்துச் சரியாக மாட்டிக்கொண்டு, நான் வாளியை எடுக்கப் போனேன்.